சிவப்பு வட்டம் சொல்வது சீனியை, மாட்டுக் கொழுப்பை அல்ல

“சிவப்பு வட்டம் போட்ட சோடாவில் மாட்டுக் கொழுப்பு, பச்சைதான் சைவம், விரதம் இருப்பவர்கள் கவனம்” என்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது பொய். அந்த நிறம் சீனி அளவை மட்டுமே காட்டுகிறது. 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் இது கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. வட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்தையும் பாருங்கள்.

இந்திய பிஸ்கட் பக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சைவக் குறி அதுதான். இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள்.

சரி, சிவப்புக்குப் பயப்பட வேண்டாமா? வேண்டும். 500 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 55 கிராமுக்கு மேல் சீனி, கிட்டத்தட்ட 11 தேக்கரண்டி. சீனி வருத்தமுள்ள அப்பா அம்மாவுக்குத் தயவுசெய்து அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.