அந்த ஆய்வு சொன்னது அதுவல்ல

"இணையத் தேடல் இந்தத் தலைமுறையின் ஞாபகசக்தியை அழித்துவிட்டது, 2011 அமெரிக்க ஆய்வே நிரூபித்துவிட்டது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தவறு. உளவியலாளர் பெட்ஸி ஸ்பாரோ குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட அந்த ஆய்வு தலைமுறைகளை ஒப்பிடவே இல்லை. மாணவர்களைத் துணுக்குச் செய்திகளைக் கணினியில் தட்டச்சு செய்யவைத்தார்கள். அவை சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்குச் செய்தி குறைவாகவே நினைவில் நின்றது. அழிந்துவிடும் என்று நினைத்தவர்களுக்குக் கூடுதலாக நின்றது. இன்னொரு சோதனையில், செய்தியைவிட அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே நன்றாக நினைவிருந்தது. அந்த ஆய்வின் சோதனைகளில் ஒன்றை வேறு குழு திரும்பச் செய்து 2018-இல் வெளியிட்டபோது, அதே முடிவு கிடைக்கவில்லை.

இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைப்பது கணினி கொண்டுவந்த பழக்கமும் அல்ல. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அடியில் நீல அட்டை போட்ட டைரி ஒன்று இருந்தது. கேஸ் ஏஜென்சி எண்ணை அம்மா ஒருநாளும் மனப்பாடம் செய்ததில்லை. மஞ்சள் கறை படிந்த பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பெரம்பூர் சித்தியின் எண்ணையோ அம்மாவின் விரலே சுழற்றிவிடும், தினமும் பேசியதால்.

இரவில் திரை பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பேசுங்கள், நானும் உடன் நிற்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை 'மூளை மழுங்கிய தலைமுறை' என்று அழைக்க அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.