ஆளை மாற்றுங்கள், கணக்கை அழிக்காதீர்கள்

பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவில், நாயகன் டாக்டரைப் போலவே உடலை மாற்றிக்கொண்டு வாழும் அவருடைய பரம எதிரி மாஸ்டர். அடுத்த மாஸ்டராக நடிக்கப்போவது யார் என்று பேச்சு கிளம்பினால் போதும், ஒரே சண்டைதான். தாடி இருக்குமா, ஆணா பெண்ணா, என்ன நிறம், என்ன வயசு, பழைய ஆள் மாதிரி இருப்பாரா என்று மூஞ்சியைப் பற்றியே முழுநாளும் அடித்துக்கொள்கிறோம். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. போன ஆள் விட்ட இடத்திலிருந்து புது ஆள் தொடங்குவாரா, மாட்டாரா? 50 வருஷத்துக்கு மேலாக அந்தத் தொடர் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறது: மாட்டார். எரிச்சல் அதனால்தான்.

அந்தப் பாத்திரம் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1971இல் தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் கதைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட டெரன்ஸ் டிக்ஸும் ஷெர்லக் ஹோம்ஸுக்கு ஒரு மோரியார்ட்டி போல டாக்டருக்கு ஒரு எதிராளி வேண்டும் என்று உருவாக்கியவன் மாஸ்டர். நடித்தவர் ரோஜர் டெல்கடோ. கறுப்பு உடை, நேரு காலர், சின்னத் தாடி, அடங்கிய குரல். கொலை செய்யப்போகிறவரிடம்கூட மரியாதை குறையாது. அந்த வருஷத்து 5 கதைகளிலும் அவரே வில்லன். அவரையும் டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீயையும் ஒரே அறையில் விட்டால், ஒருவரை ஒருவர் அழிக்க வந்தவர்கள் போலவே தெரியாது; பழகிப் பிரிந்த இரண்டு பேர் போலத் தெரியும். பாத்திரத்தின் உயிர் அந்த உறவில் இருந்தது. தாடியில் இல்லவே இல்லை.

1973 ஜூன் 18 அன்று துருக்கியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் கார் விபத்தில் டெல்கடோ இறந்தார். மாஸ்டருக்கு ஒழுங்கான முடிவு தரும் கதை ஒன்று திட்டத்தில் இருந்தது. அது எடுக்கப்படவே இல்லை. திரையில் அவருடைய கடைசிக் காட்சி ஒரு கூட்ட நெரிசலில் குழப்பமாகக் கரைந்து போகிறது. அப்பேர்ப்பட்ட நடிகருக்கு அதுதான் வழியனுப்பு. இன்றைக்குப் பார்த்தாலும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு 1976இல் ஒருமுறை சரியாகச் செய்தார்கள். டாக்டரும் மாஸ்டரும் சேர்ந்த டைம் லார்டு இனத்தார் உடலை 12 தடவைதான் மாற்றிக்கொள்ள முடியும் என்று எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ் ஒரு வரம்பு வைத்தார். மாஸ்டர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, அழுகிக்கொண்டிருக்கும் உடம்போடு வருகிறான். நடித்த பீட்டர் பிராட் கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகங்களில் பேர் வாங்கிய பாடகர். முகத்தை முழுக்க முகமூடி மூடிவிட்டதால் டெல்கடோவோடு ஒப்பிட வழியே இல்லை. அதோடு ஆளுக்கு ஒரு புது வெறியும் கிடைத்தது: எப்படியாவது உயிர் பிழைக்க வேண்டும். 1981இல் ஜெஃப்ரி பீவர்ஸ் அதே சிதைந்த நிலையிலிருந்து, அதே வெறியோடு தொடர்ந்தார். டெல்கடோவுக்குப் பிறகு 3 வருஷ இடைவெளி, முகத்துக்குப் பதில் குரல், தொடர்ச்சிக்கு ஒரு காரணம். ஒரு நடிகரை மாற்ற இவ்வளவுதான் வேண்டும். இந்த வழி கையில் இருக்கும்போதே தூக்கிப் போட்டார்கள்!

அந்த 1981 கதையின் முடிவிலேயே மாஸ்டர் டிரெமாஸ் என்ற நல்ல மனிதனின் உடலைத் திருடுகிறான். நடித்தவர் ஆன்டனி எய்ன்லி. டிரெமாஸாக அவர் எவ்வளவு மென்மையாக, எவ்வளவு வேறு மாதிரி நடித்தார் என்பது அதே கதையில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கறுப்பு வெல்வெட்டை மாட்டி, டெல்கடோவின் தாடியை வைத்து, காட்சிக்குக் காட்சி அந்தக் கெக்கலிப்பைச் சிரிக்கவைத்தார்கள். புது ஆளை எடுத்துப் பழைய ஆளின் நிழலாக நிறுத்தினால் நிழல்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். அதற்கு மேல் மாறுவேஷங்கள். பார்வையாளர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவர் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு, இல்லாத ஒரு நடிகரின் பெயரை டைட்டிலில் போட்டார்கள். 1982இல் கான்கார்டு விமானம் காணாமல் போகும் கதையில், ஏமாற்றுவதற்குப் பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்திலும் அவர் வேஷத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஏன்? கதைக்குள் காரணமே இல்லை. வெளியே இருக்கும் நம்மை ஏமாற்ற மட்டும்தான்.

1984இல் டாக்டரின் கண்ணெதிரே மாஸ்டர் தீயில் எரிந்து போகிறான். டாக்டர் காப்பாற்றாமல் நிற்கிறார். எவ்வளவு பெரிய தருணம் அது! அடுத்த வருஷம் வயல்வெளிச் சோளக்கொல்லை பொம்மை வேஷத்தில் முழுசாக வந்து நிற்கிறான். எப்படிப் பிழைத்தான் என்பதற்கு விளக்கம் இல்லை. தன்னை அழிக்க முடியாது என்கிற பெருமைப் பேச்சு மட்டும். டாக்டரின் மனசில் அந்தத் தீ ஏதாவது செய்ததா? அதையும் தொடவில்லை. இப்படி எழுதிவிட்டு "எய்ன்லி மிகையாக நடிப்பார்" என்று பழியை நடிகர் தலையில் போடுகிறார்கள். 1989இல், அவருடைய கடைசிக் கதையில், சிரிப்பைக் குறைத்து, மிருகமாக மாறிக்கொண்டிருக்கும் பயத்தை அவரிடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்று போய்ப் பாருங்கள். அதே மனிதர்தான். குறை எங்கே இருந்தது என்று அப்போது புரியும்.

முகமூடி போட்டால் ஆளை மாற்றுவது சுலபம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள், டாக்டரின் இன்னொரு எதிரிக் கூட்டமான டாலெக்குகளைப் படைத்த டாவ்ரோஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975இல் மைக்கேல் விஷர் நடித்தார். ஒத்திகையிலேயே தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, முகம் இல்லாமல் குரலால் மட்டும் எப்படி மிரட்டுவது என்று பழகினார். ஜான் ஃப்ரைட்லாண்டர் செய்த ரப்பர் முகமூடி அவருக்கென்று செய்தது. 1979இல் விஷர் வர முடியாமல் போக, டேவிட் குடர்சனைப் போட்டார்கள். முகமூடி மட்டும் அதே பழையது. ரப்பர் முகமூடி வாயோரத்திலும் கன்னத்திலும் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே உதடு அசையும், வெளியே அசையாது. நடிகரின் பாதி உழைப்பு ரப்பருக்கு அடியிலேயே செத்துப்போகும். குடர்சனுக்கு அதுதான் நடந்தது. 1984இல் டெர்ரி மொலாய்க்குப் புது முகமூடி செய்துகொடுத்தார்கள். அவர் மூன்று கதைகளைத் தாங்கினார். அடுத்தவர் அளவுக்குச் செய்ததை மாட்டிவிட்டு நடிக்கச் சொல்லாதீர்கள். ரப்பருக்குப் பொருந்துவது எழுத்துக்கும் பொருந்தும்.

இனி என் வயிற்றெரிச்சலின் நடுப்பகுதி. 2014இல் மிஷெல் கோமெஸ் புது மாஸ்டராக, மிஸ்ஸி என்ற பெயரில் வந்தார். பெண்ணா என்று கூச்சல் போட்டவர்கள் போட்டார்கள். ஆனால் டெல்கடோ காலத்து நட்பை நேராகக் கையில் எடுத்தது அந்த மிஸ்ஸிதான். 2017இல் அவரை ஒரு பெட்டகத்துக்குள் வைத்து, நல்லவளாக மாற முடியுமா என்று ஒரு சீசன் முழுக்க டாக்டர் முயல்கிறார். கடைசியில் ஜான் சிம் நடித்த முந்தைய மாஸ்டரும் வந்து சேர, தன் பழைய உருவத்தையே குத்திவிட்டு டாக்டர் பக்கம் நிற்கக் கிளம்புகிறாள் மிஸ்ஸி. அந்தப் பழைய உருவம் அவளை முதுகில் சுடுகிறது. அவள் திருந்திவிட்டாள் என்பது டாக்டருக்குத் தெரியவே தெரியாது. (சிம் திரும்பி வரும் செய்தியை முன்கூட்டியே அறிவித்து, டிரெய்லரிலும் காட்டி, அவருடைய மாறுவேஷத்துக்கு இருந்த மதிப்பைக் கெடுத்தது தனிக் கொடுமை.)

நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த முடிவு அது. 2020 ஜனவரி 1 அன்று அடுத்த மாஸ்டராக சாஷா தவான் வருகிறார். ரகசியம் கசியவில்லை, நடிப்பும் அபாரம். ஆனால் மிஸ்ஸி என்ன ஆனாள் என்பதற்குத் திரையில் ஒரு வரி கூடக் கிடையாது. திருந்தியது, செத்தது, டாக்டர் அறியாமல் போனது, எல்லாம் துடைத்தெறியப்பட்டது. அடுத்த பாகத்தில், நாஜிகளின் கையில் இருக்கும் பாரிஸில், அவனுடைய உருவத்தை மறைத்திருந்த கருவியை டாக்டரே முடக்கி, உண்மையான தோற்றத்தோடு நாஜிகளிடம் சிக்கவைக்கிறார். இந்திய வம்சாவளி நடிகர் ஒருவரை எடுத்துக்கொண்டு அப்போது பெண்ணாக இருந்த டாக்டரின் கையாலேயே அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார்கள். புது ஆள் வந்தால் காட்சியின் அர்த்தமும் மாறும் என்று யோசித்து எழுதியிருந்தால் அது ஏட்டிலேயே அடிபட்டிருக்கும்.

டாக்டரின் இன்னொரு எதிரியான ராணி பாத்திரத்துக்கு நடந்தது இன்னும் மோசம். கேட் ஓ'மாரா 1987இல் விட்டுப்போன பாத்திரம். 2025இல் ஆர்ச்சி பஞ்சாபி வந்தார். அந்தச் சீசனின் கடைசிப் பாகத்தில் ஒமேகா என்ற பழைய வில்லன் அவரை விழுங்கியாயிற்று. 38 வருஷக் காத்திருப்புக்குச் சில வாரம்.

நம்மூர் சீரியலில் "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்துப் போடுவார்கள். அதைக் கேலி செய்கிறோம். ஆனால் அங்கே புதிதாக வந்த மாமியாருக்குப் பழைய மாமியாரின் பகை அத்தனையும் ஞாபகம் இருக்கும். நேற்று யார் நகையை எடுத்தாள் என்பது வரை தொடரும். நான் கேட்பது அந்த ஞாபகத்தைத்தான்.

2023 டிசம்பரில் மாஸ்டர் ஒரு தங்கப் பல்லுக்குள் அடைபட்டிருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கை அந்தப் பல்லைப் பொறுக்கிக்கொண்டு போனது. ஆக, இன்னொரு மாஸ்டர் வரத்தான் போகிறார். யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும். தாடி வேண்டாம், வெல்வெட் வேண்டாம், வேஷம் வேண்டாம். அன்றைக்கு மிஸ்ஸி திரும்பி நடந்தது டாக்டரிடம் வந்து நிற்பதற்காகத்தான் என்று, முதல் பாகத்திலேயே யாராவது டாக்டரிடம் சொல்லட்டும்.