பென்னிகுவிக்குக்குக் குல்லா

(கம்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. உள்ளே தொட்டிலில் முப்பது நாள் குழந்தை. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்திருக்கும் மாமனார் நெல் விவசாயி. பெயர் சூட்டுவதற்காகக் கும்பகோணம் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கும் மருமகன் தமிழாசிரியர்.)

மாமனார்: வாருங்கள் மாப்பிள்ளை. காபி குடித்தீர்களா? பேரனுக்குப் பெயர் முடிவாகிவிட்டது.

மருமகன்: முடிவாகிவிட்டதா? அம்மா எழுதிக் கொடுத்த பெயர் என் பையில் இருக்கிறதே மாமா.

மாமனார்: பையிலேயே இருக்கட்டும், கசங்காது. பென்னிகுவிக்!

மருமகன்: யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

மாமனார்: உங்கள் மகனை.

மருமகன்: (திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்) பூஜை அறையில் கோட்டும் மீசையுமாக ஒருவர் இருக்கிறாரே, அவர் பெயரா?

மாமனார்: அவரேதான். கர்னல் ஜான் பென்னிகுவிக்.

மருமகன்: பெண் பார்க்க வந்த அன்று அவரை உங்கள் தாத்தா என்று நினைத்து விழுந்து கும்பிட்டேன். பட்டாளத்துக் குடும்பம் போலிருக்கிறது என்று அம்மாகூட மெச்சினார்.

மாமனார்: அந்தக் கும்பிடைப் பார்த்துத்தான் பெண்ணையே கொடுத்தேன். அதுவரை உங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

மருமகன்: மாமா, முல்லைப் பெரியாறு அணை கட்டியவர் என்று எனக்கும் தெரியும். மரியாதை வேறு, பெயர் வேறு. மரியாதையை மாலையாகப் போடலாம். குழந்தை தலையில் ஏன் வைக்க வேண்டும்?

மாமனார்: மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டவர். 1887இல் தொடங்கினார். கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காட்டுக் காய்ச்சலில் ஆட்கள் செத்து விழுந்தார்கள். விட்டாரா? 1895 அக்டோபர் 10ஆம் தேதி தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் தாது வருடப் பஞ்சத்தில் எங்கள் ஆட்கள் என்ன தின்றார்கள் தெரியுமா? இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோகம். நேற்று இரவு நீங்கள் வந்தால் போடுவதற்கென்று எடுத்து வைத்த சோறும் அதில் விளைந்ததுதான்.

மருமகன்: அதைக் காலையில் மாமி எனக்குப் போடவே இல்லையே.

மாமனார்: நீங்கள் தாமதமாக வந்தீர்கள். பழையதாகிவிட்டது.

மருமகன்: சரி, அந்தக் கணக்கு இருக்கட்டும். கட்டுவதற்கு எட்டு வருடம் எடுத்துக்கொண்டவர் பெயரில் ‘குவிக்’ எதற்கு? ஆங்கிலத்தில் விரைவு என்றல்லவா பொருள்?

மாமனார்: ஒரு பட்டா மாற்றுவதற்கு நான் அலைந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு வருடத்தில் ஓர் அணை என்றால் மின்னல் வேகம்.

மருமகன்: அப்புறம், அது குவிக்கே அல்ல. அங்கே எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு. ‘பென்னிகுக்’ என்றுதான் சொல்வார்கள். குக் என்றால் சமையல்காரர். பள்ளிக்கூடத்தில் பையனை என்ன பாடு படுத்துவார்கள்? நான் வாத்தியார், எனக்குத் தெரியும்.

மாமனார்: ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போட்டவர் மாப்பிள்ளை. சமையல்காரர் என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

மருமகன்: (தனக்குள்) இதற்கும் பதில் வைத்திருக்கிறாரே. (உரக்க) அந்த நாட்டிலேயே அதை முதற்பெயராக வைப்பது அபூர்வம் மாமா. அது குடும்பப் பெயர். அவருக்குப் பெற்றோர் வைத்தது ஜான்.

மாமனார்: ஜான் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். ‘ஜான்’ என்று குரல் கொடுத்தால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும்.

மருமகன்: பென்னிகுவிக் என்று கூப்பிட்டால் மட்டும்?

மாமனார்: கூடலூர்ப் பக்கம் சில கதவு திறக்கும். வேறு எங்கேயும் திறக்காது. இந்தப் பெயரின் அழகே அதுதான். உலகத்தில் எங்கேயும் கிடையாது, இங்கே மட்டும் பள்ளிக்கூட வருகைப்பதிவில் இருக்கிறது.

மருமகன்: அதுதான் எனக்குப் பயம். தேனியில் பஸ் நிலையத்துக்கே அவர் பெயர்தான். திருவிழாவில் பையன் தொலைந்துபோய், ‘ஐயா, பென்னிகுவிக்கைப் பார்த்தீர்களா?’ என்று நான் தேடிக்கொண்டு ஓடினால், ‘அடுத்த திருப்பத்தில் இறங்குங்கள்’ என்பார்கள்.

மாமனார்: ஸ்டாலின் என்று ரஷ்யப் பெயர் வைத்தார்கள். முதலமைச்சராகவே ஆகிவிட்டார். லெனின், நெப்போலியன் எல்லாம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நெப்போலியன் நமக்கு என்ன வாய்க்கால் வெட்டினார்?

மருமகன்: எங்கள் காவிரிக்கும் ஒரு வெள்ளைக்காரர் உழைத்தார். ஆர்தர் காட்டன். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதற்காக எங்கள் ஊரில் யாருக்காவது காட்டன் என்று பெயர் வைத்தோமா?

மாமனார்: நன்றி கெட்டவர்கள்.

மருமகன்: மாமா!

மாமனார்: உங்களைச் சொல்லவில்லை, உங்கள் மாவட்டத்தைச் சொன்னேன். கோதாவரிக்காரர்களைப் பாருங்கள். அதே காட்டனுக்கு ஊர் ஊராகச் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான். ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள், அவருக்குத்தான் பொங்கல். இங்கிலாந்தில் சொத்தை விற்று, மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தவர் மாப்பிள்ளை அவர்!

மருமகன்: அது மக்கள் அன்பினால் கட்டிய கதை. சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டியது என்றுதான் ஆவணங்கள் சொல்கின்றன.

மாமனார்: ஆவணமா பாசனம் செய்தது?

மருமகன்: கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மனைவி நகையை விற்றவரைப் பூஜை அறையில் வைத்திருக்கிறீர்கள். நான் உங்கள் மகளின் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்ததற்கு எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

மாமனார்: அவர் அணை கட்டினார். நீங்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினீர்கள்.

மருமகன்: அதில்தான் பள்ளிக்கூடம் போகிறேன்!

மாமனார்: அதனால் எத்தனை ஏக்கர் விளைந்தது?

(உள்ளே குழந்தை சிணுங்குகிறது. இருவரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் சண்டையைத் தாழ்த்தவில்லை.)

மருமகன்: சரி, இலக்கணமாகப் பேசுவோம். தமிழ்ப் பெயர் என்றால் வேற்றுமை உருபு தாங்க வேண்டும். முருகனுக்கு, வேலனுக்கு... வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது. இதற்கு நான்காம் வேற்றுமை போட்டுப் பாருங்கள்.

மாமனார்: பென்னிகுவிக்கு...

மருமகன்: அது போதாது. இன்னொரு ‘கு’ வேண்டும்.

மாமனார்: பென்னிகுவிக்குக்கு.

மருமகன்: இப்போது மாமியிடம், குழந்தைக்குக் குல்லா போடச் சொல்லுங்கள்.

மாமனார்: (உள்ளே திரும்பி) அடியே, பென்னிகுவிக்குக்குக் குல்லா... குவிக்குக் குக்கு... குக்கு...

மருமகன்: பார்த்தீர்களா? வீடு முழுக்கக் குயில் கூவுகிற மாதிரி இருக்கிறது.

(சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.)

மாமனார்: ஏன் மாப்பிள்ளை, குயில் என்றதும் முகம் மாறுகிறது?

மருமகன்: ஒன்றுமில்லை. பஸ் பயணம்.

மாமனார்: முப்பது வருடம் மாட்டுத் தரகரிடம் பேரம் பேசியவன் நான். சொல்லிவிடுங்கள்.

மருமகன்: (பெருமூச்சு) நீங்கள் இந்தப் பெயரை வைக்கப் போவதாக உங்கள் மகள் முந்தாநாளே போனில் சொல்லிவிட்டாள். ஏதாவது கெட்ட பொருள் இருக்கும், அதை வைத்து மடக்கலாம் என்று இரவு முழுக்கத் தேடினேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயராயிற்று. ஆங்கிலம் வருவதற்கு முன்னால் அங்கே பேசிய பழைய மொழியில் ‘பென்’ என்றால் தலை, மலைமுகடு. ‘கோக்’ என்றால் குயில்.

மாமனார்: அதாவது?

மருமகன்: குயில் குன்று.

மாமனார்: அடடா! இதைவிடத் தமிழ்ப் பெயர் உண்டா? குறிஞ்சி நிலத்துப் பெயர் மாப்பிள்ளை! இதற்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடுகிறீர்கள்?

மருமகன்: குயில் தன் முட்டையை அடுத்தவர் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். அந்தக் குணம் என் மகனுக்கு வரக்கூடாது.

மாமனார்: மகனுக்கு வருவது இருக்கட்டும். நான்கு மாதமாக என் கூட்டில் யார் வைத்துவிட்டுப் போனது?

மருமகன்: அது தலைப்பிரசவ முறை!

மாமனார்: குயிலும் அப்படித்தான் சொல்லும். சரி, உங்கள் அம்மா எழுதிக் கொடுத்தது என்ன? எடுங்கள் அந்தச் சீட்டை.

மருமகன்: பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது மாமா. கட்டணம்கூட இல்லை. பொறுமையாகப் பேசலாமே.

மாமனார்: பன்னிரண்டு மாதம் விட்டால் வீட்டுப் பெண்கள் ‘தங்கம், பட்டு, குட்டி’ என்று பதின்மூன்று பெயர் வைத்துவிடுவார்கள். சீட்டு!

(மருமகன் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்து, மஞ்சள் தடவிய சீட்டை நீட்டுகிறார்.)

மாமனார்: (படிக்கிறார்) கோ... கி... லேஸ்வரன்.

மருமகன்: திருக்கோழம்பம் சுவாமி பெயர். எங்கள் பக்கத்துக் கோயில்.

மாமனார்: கோகிலம் என்றால்?

(மௌனம்.)

மாமனார்: நீங்கள் தமிழாசிரியர் மாப்பிள்ளை. கோகிலம் என்றால் என்ன?

மருமகன்: (மிக மெதுவாக) குயில்.

மாமனார்: கேட்கவில்லை.

மருமகன்: குயில் மாமா, குயில்! குயில் வந்து பூஜை செய்த தலம். அதனால் கோகிலேஸ்வரர்.

மாமனார்: (திண்ணையில் அடித்துச் சிரிக்கிறார்) ஸ்காட்லாந்துக் குயிலும் கும்பகோணத்துக் குயிலும் என் வீட்டுத் தொட்டிலில்தான் சந்திக்க வேண்டுமா! அப்படியானால் உங்கள் அம்மா சொன்ன பெயரைத்தான் நானும் வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாளுக்குப் போன் போடுங்கள், நானே சொல்கிறேன்.

மருமகன்: இரண்டும் ஒன்றுதான் என்றால் கோகிலேஸ்வரன் என்றே வைத்துவிடலாமே?

மாமனார்: இரண்டும் ஒன்றுதான் என்றால் பென்னிகுவிக் என்றே வைத்துவிடலாமே?

மருமகன்: ...

மாமனார்: ஜாதகத்தில் உங்கள் குயில். சான்றிதழில் எங்கள் குயில். அந்த அணைக்கு 999 வருடக் குத்தகை மாப்பிள்ளை. 1886இல் எழுதியது, இன்னும் எண்ணூறு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. அதுவரையில் யாரும் பெயரை மாற்றச் சொல்லி வர மாட்டார்கள்.

மருமகன்: சரி. ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்தது பையன் என்றால் பெயர் வைப்பது நான். அப்போது நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

மாமனார்: பேச மாட்டேன். என்ன பெயர்?

மருமகன்: காட்டன். நாங்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாமனார்: தாராளமாக வையுங்கள். (எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்) தண்ணீரில் மட்டும் அதிகம் நனைய விடாதீர்கள், சுருங்கிவிடும்.