"சம்பளம் வாங்குகிறீர்களாமே?"

ஞாயிற்றுக்கிழமை புது வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். தொண்டு அமைப்பில் வேலை செய்யும் நம் அக்காவுக்குப் பாராட்டு விழா. சால்வை போர்த்தி, 'அன்னையே, தெய்வமே' என்று உருகி முடித்த கையோடு, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி, "சேவை என்கிறீர்கள், மாதச் சம்பளம் வாங்குகிறீர்களாமே?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. "ஆமாம் ஐயா, வாங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூன்று நாளாகத் தொண்டையில் முள்.

ஆமாம், வாங்குகிறார். அன்று பந்தல் போட்டவர் வாங்கினார். மைக் செட்டுக்காரர் வாங்கினார். பிரியாணி மாஸ்டர் முன்பணமே வாங்கினார். அழைப்பிதழ் அச்சடித்த நானும் வாங்கினேன். நல்ல காரியம் என்று கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எங்களை யாரும் எழுப்பி நிறுத்திக் கேட்கவில்லை.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது. விடியும் முன்பே காசிமேடு துறைமுகத்துக்குப் போகவேண்டும். மீன் ஏலம் நடக்கும்போது எந்தத் தாயிடமும் பேச முடியாது, முடியும்வரை ஓரமாக நிற்கவேண்டும். அவள் சம்மதித்தால், பள்ளியில் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் எங்கே என்பார்கள். அது தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கைப்பையிலேயே வைத்திருக்கிறார். லேமினேட் செய்து கொடுத்தவன் நான். அதற்கும் காசு வாங்கினேன்.

'தொண்டு என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையா?' என்று வருவீர்கள். இருக்கிறார்கள். கணக்கைக் கேளுங்கள், தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். அக்காவிடம் கேட்டால் நோட்டையே உங்கள் மடியில் வைப்பார். ஒரு நண்பர் நேற்றே சட்டம் பேசினார்: தொண்டு அமைப்புகளுக்கு வரும் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020இல் 20 ஆக்கிவிட்டார்களாம். சரி, ஆக்கினார்கள். அக்காவின் அமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தபால்தலைகூட வந்ததில்லையே! 'சம்பளம் வாங்காமல் செய்கிறவர்களும் உண்டே' என்கிறவர்களுக்கு ஒன்றுதான் கேட்கிறேன்: அவர்கள் வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதிவிட்டுப் போகிறேன்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, ரொட்டிப் பொட்டலங்களோடு அக்காவுடன் போனேன். படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. நான் பொட்டலத்தைக் கொடுத்தோமா, கிளம்பினோமா என்று நிற்கிறேன். அவர் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, எத்தனை வலை போயிற்று, யாருக்குத் தோல் அரிக்கிறது, பிள்ளை எந்த வகுப்பு என்று எழுதிக்கொண்டிருந்தார். "கதை கேட்கவா வந்தோம் அக்கா?" என்று எரிந்து விழுந்தேன். பதிலே இல்லை. பின்னால் மனு எழுத வேண்டி வந்தபோது அந்த நோட்டைத்தான் எல்லோரும் தேடி வந்தார்கள்.

ஒரே நாளில் அத்தனை வீட்டுக் கதையைக் கேட்டவரிடம், பதினோரு வருடப் பழக்கத்தில் நான் ஒரு கதை கேட்டதில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. கேரம் ஆடுவார் என்பதே 2024இல்தான் தெரிந்தது. நம் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற செய்தி வந்த அன்று, அச்சகத்துக்கு மைசூர்பாகோடு வந்தார். யார் வீட்டுப் பிள்ளைக்கோ நிச்சயதார்த்தம் என்று நினைத்தேன். பிறகு மன்றத்தில் அவர் ஆடிப் பார்த்தேன். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து போடவேண்டிய ஃபாலோ காய்க்கு நிதானமாகப் பவுடர் தூவுகிற அந்த மனிதரை, மேடையில் 'தெய்வமே' என்று கூப்பிட்டவர்களில் எவரும் பார்த்ததில்லை. தெய்வத்துக்கு வாடகை கிடையாது, முழங்கால் வலி கிடையாது, ஆகவே சம்பளமும் கிடையாது. வசதியாக இருக்கிறது இல்லையா?

பெரியவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை நானும் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தபோது என் முகமும் கொஞ்சம் இளித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை அக்கா போன் செய்தார். விழாவைப் பற்றிப் பேச்சே இல்லை. "தம்பி, சாயங்காலம் மன்றத்துக்கு வர முடியுமா? இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது" என்றார். எனக்கு ஸ்ட்ரைக்கரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.