வெயில் என்று லீவு விட்டு எங்களை எங்கே அனுப்புகிறீர்கள்?

ஏப்ரல் பிறந்ததிலிருந்து எங்கள் பிளஸ் ஒன் வகுப்பில் பேச்சே லீவு பற்றித்தான். யார் ஊருக்குப் போகிறார்கள், யார் டைப்ரைட்டிங் சேர்கிறார்கள், யார் வீட்டில் கல்யாணம். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் உள்ளே ஒரு கலக்கமும் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மேல்மாடி எங்கள் வீடு. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தங்கு கடலுக்குப் போனால் வாரம், பத்து நாள் ஆகிவிடும். கரைக்கு வந்தாலும் மீனை இறக்கி, கணக்கு முடித்து, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுவார். அவர் தொடர்ந்து வீட்டில் இருக்கும் ஒரே காலம் தடைக்காலம்தான். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். அந்த நாட்களில் காலையில் துறைமுகத்தில் வலை கட்டப் போவார், மதியம் சோற்றுக்கு வீடு வந்துவிடுவார். நானும் தம்பியும் சில நாள் கூடவே போவோம். கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியில் நூலைச் சுற்றி, அவர் ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். பேச்சு எங்களோடு, கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவர் நிதானமாகக் கேட்பது அங்கே உட்கார்ந்துதான். அதற்காகவே எனக்கு லீவு வேண்டும்.

ஆனால் படகு போகாவிட்டால், மீன் விற்ற பணத்தில் அப்பாவுக்குக் கிடைக்கும் பங்கு கிடையாது. அரசு தரும் நிவாரணம் பழைய கடனுக்கே போய்விடும். அம்மா மீன் கூடை வைத்திருக்கிறார். தடைக்காலத்தில், தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகளின் மீன் மட்டும்தான் வரும், ஏலத்தில் விலை ஏறிவிடும், எடுத்து விற்க அம்மா கையில் முதல் இருக்காது. பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரத்தில் அல்லது இரண்டாம் வாரத்தில். கடல் திறப்பது ஜூன் 15. நோட்டு, செருப்பு, பை எல்லாம் அதற்கு முன்னாலேயே வாங்கியாக வேண்டும். எங்கள் தெருவில் நிறைய வீடுகளில் வட்டிக்குப் பணம் வாங்குவது அப்போதுதான்.

தம்பி ஏழாவது படிக்கிறான். பள்ளி நாட்களில் அவனுக்குச் சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை உண்டு. லீவில் அது அப்படியே நின்றுவிடும். அதுவும் அப்பாவுக்குப் பங்கு இல்லாத நேரத்தில். வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசியல் அறிவியல் மிஸ் இதைச் சொன்னபோது எனக்கு உடனே எங்கள் கடற்கரைத் தெருக்கள்தான் ஞாபகம் வந்தன. மழை பொய்த்தால் மட்டும்தானா வறட்சி? 61 நாள் வருமானம் இல்லாமல் இருப்பதற்கு என்ன பெயர்?

சரி, இப்போது வெயிலுக்கு வருகிறேன்.

2023இல் வெயில் அதிகம் என்று பள்ளி திறப்பதை ஜூன் 12 வரை தள்ளி வைத்தார்கள். 2024இல் ஜூன் 6 என்று சொல்லிவிட்டு 10ஆம் தேதி திறந்தார்கள். பிள்ளைகள் வெயிலில் வாடக் கூடாது என்ற அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பினால் வெயில் குறைந்துவிடும் என்று முடிவு செய்தது யார்? எங்கள் வகுப்பறை தரைத்தளத்தில் இருக்கிறது. உயரமான கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல், நாலு மின்விசிறி, வாசலில் வேப்பமரம். எங்கள் வீடு ஒரே அறை. தலைக்கு மேல் மொட்டை மாடித் தளம். கத்திரி வெயிலில், அதாவது மே 4 முதல் 28 வரை, மதியம் சுவரில் கை வைத்தால் எடுத்துவிடுவீர்கள். இரவு பத்து மணிக்கும் தளம் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். கடல் காற்று சீக்கிரம் திரும்பினால் பிழைத்தோம், தாமதமானால் அன்று முழுக்க வேகவேண்டியதுதான். ஏசி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு லீவு நிழல். எனக்குப் பள்ளிக்கூடம்தான் நிழல்.

பெண் பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது. லீவு விட்ட மறுநாளே வீட்டு வேலை என் தலையில் வந்து நிற்கும். விடியற்காலையில் கீழே அடிபம்பில் தண்ணீர் பிடித்து மாடி ஏற்ற வேண்டும், அம்மா ஏலத்துக்குப் போனதும் உலை வைக்க வேண்டும், ஆயாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். இவற்றைச் செய்ய எனக்கு வருத்தமில்லை, அம்மா படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது என்னை யாரும் எதற்கும் எழுப்ப மாட்டார்கள். அந்த உட்காருதல் எனக்கு லீவில் கிடைக்காது. தம்பி காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவான். நான் வெளியே கிளம்பினால், "இன்னாடி, எங்க போற?" என்று ஆயா கேட்பாள். சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் இருக்காது. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் போனால் கடலோரம் முழுக்கப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், மணல் இருக்கிற இடம் கொஞ்சம்தான். என்4 பீச் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் தனியாக அங்கே போக வீட்டில் விடமாட்டார்கள்.

புதுவண்ணாரப்பேட்டை காசிமாவை எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வாங்கி வந்தார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், கேரம் சொல்லிக் கொடுக்கிறவர். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் பக்கம் எல்லோரும் திறமை, உழைப்பு என்று பேசினார்கள். அது உண்மைதான். எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றியது. ஒரு பெண் பிள்ளை தினமும் போய் உட்கார்ந்து ஆட அங்கே ஒரு போர்டும் ஓர் இடமும் இருந்திருக்கிறது. வடசென்னையில் எத்தனை பெண்களுக்கு மே மாதத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். லீவில் பள்ளியைப் பூட்டாதீர்கள். சிறப்பு வகுப்பு வேண்டாம், சத்தியமாக வேண்டாம். கோடையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை சொல்வது சரிதான், எங்களுக்கும் ஓய்வு வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை இரண்டு அறை, நூலகம், கழிவறை, குடிதண்ணீர், ஒரு கேரம் போர்டு, மதியம் சாப்பாடு. பார்த்துக்கொள்ள இரண்டு பேர். அந்த வேலையை ஆசிரியர்கள் தலையில் கட்டக் கூடாது, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. எங்கள் தெருவிலேயே பட்டம் முடித்து வேலை தேடுகிற அக்காக்கள் இருக்கிறார்கள், சம்பளம் கொடுத்து அவர்களை வைக்கலாம். கொளத்தூரில் 2024இல் 'முதல்வர் படைப்பகம்' என்ற இடத்தைத் திறந்து, படிக்க வருகிறவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இங்கே புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. கட்டடம் நிற்கிறது, சாவிதான் வேண்டும்.

அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், தீர்மானத்தை நான்தான் எழுதித் தரப்போகிறேன். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் பள்ளிக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். தீர்மானத்தின் நகல் வேண்டுமென்றால் எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன்.