கடைசி ஸ்கூபா டைவ் முடிந்த கையோடு விமானம் ஏறலாமா?

"ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் காலையில் கடைசி டைவ், பின்னேரம் விமானம், அடுத்த நாள் கட்டுநாயக்க. விமானத்துக்குள் காற்றழுத்தம் சரியாகத்தானே இருக்கும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆபத்தான கணக்கு இது.

விமானத்துக்குள் தரைமட்ட அழுத்தம் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி வரை உயரமான மலையில் நிற்பதற்குச் சமமான அழுத்தம்தான் பொதுவாக இருக்கும். நுவரெலியாவே ஏறத்தாழ 6,000 அடிதான். ஆழத்தில் மூச்செடுக்கும்போது நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைந்து சேருகிறது. மேலே வந்த பிறகும் அது வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் வெளி அழுத்தம் குறைந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியோடு போனால் அதிர்ஷ்டம். முள்ளந்தண்டைத் தாக்கினால் கால் செயலிழக்கவும் கூடும்.

டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் சொல்வது: ஒரேயொரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18. டீகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும்போது நைட்ரஜன் வெளியேற இடையில் தரித்து நிற்பது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கூட. இவ்வளவு காசு கட்டி கெய்ர்ன்ஸ் பக்கத்துப் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப் போகிறவர் ஒரு டைவோடு நிற்கப் போகிறாரா என்ன? நானென்றால் 24 மணி நேரம் விடுவேன்.

பிரிஸ்பேனுக்குப் போகும் உள்நாட்டு விமானமும் இதில் அடக்கம். பவளப்பாறையை மேலிருந்து பார்க்கும் ஹெலிகொப்டர் பயணத்தை டைவுக்கு முந்திய நாளில் வையுங்கள். கடைசி நாளில் மேலோட்டமாக ஸ்நோர்க்கலிங் (குழாயால் மூச்செடுத்தபடி நீர்மட்டத்தில் நீந்துவது) செய்யலாம், சரி.

அப்புறம், திருகோணமலையில் டைவ் செய்துவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு வாகனம் பிடிக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.