மெடினா சிடோனியா பதவி கேட்டுக் கெஞ்சவில்லை

“மெடினா சிடோனியா கோமகன், மன்னர் இரண்டாம் பிலிப்புக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதித் தளபதி பதவி வாங்கினார், அதனால்தான் 1588-ல் இங்கிலாந்தைத் தாக்கப் போன ஸ்பெயினின் அர்மடா கப்பற்படை தோற்றது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நடந்தது இதற்கு நேர் எதிர்.

1588 பிப்ரவரியில் அர்மடாவின் தளபதி சாந்தா குரூஸ் லிஸ்பனில் இறந்ததும், மன்னர்தான் மெடினா சிடோனியாவைத் தேர்ந்தெடுத்தார். பிப்ரவரி 16 அன்று இவர் அரச செயலாளர் இடியாக்கேஸுக்கு எழுதியது, வேண்டாம் என்று மன்றாடும் கடிதம். கப்பலேறினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, கடலிலும் போரிலும் அனுபவமில்லை, குடும்பத்துக்குப் பெருங்கடன் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். தனக்குப் பதிலாக வேறொருவரைப் பரிந்துரைக்கவும் செய்கிறார். இப்படி எழுதியவரைப் பதவி ஆசை பிடித்தவர் என்பது அநியாயம். அப்புறம் இன்னொரு கடிதமும் எழுதினார். அதை ஆலோசகர்கள் மன்னரிடம் காட்டவே இல்லை.

பிலிப் பார்த்தது குல உயர்வை. இவ்வளவு பெரிய கோமகனின் கீழ் பணிபுரிய மற்ற தளபதிகள் மறுக்கமாட்டார்கள். தவிர, கப்பல்களுக்கு ஆளும் பொருளும் திரட்டுவதில் இவர் கைதேர்ந்தவர்.

பிப்ரவரி 16 கடிதத்தை, ஸ்பானிய வரலாற்றாசிரியர் பெர்னாண்டெஸ் துரோ 1880-களில் அச்சிட்ட அர்மடா ஆவணத் தொகுப்பில் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்; அனுப்பியவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.